ஊடாட்ட இசை மென்பொருளில் சுருக்கிய ஒலிக்கோப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நடனக் குழுக்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் மேடையில் கணினிவழி ஒலியை இயக்கித் தருவது என் தொழில். ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்புவரை ஒலிக்கோப்பின் வடிவத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. அதன் பிறகு ஒரே இரவில் பத்துக் கேள்விகள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்து விழும். பெரும்பாலும் அதே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வரும் என்பதால், அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஊடாட்ட இசை மென்பொருள் என்று நான் குறிப்பிடுவது ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடவிடும் செயலியை அன்று. ஆடுபவரின் காலடி, வாசிப்பவரின் விரல் தட்டும் பலகை, மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா ஆகியவற்றிலிருந்து வரும் குறிப்புக்கு ஏற்ப, அந்தக் கணமே ஒலியை எழுப்பவும் நிறுத்தவும் நீட்டவும் திரிக்கவும் வல்ல மேக்ஸ், பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர், ஏபிள்டன் லைவ், யூனிட்டி போன்றவற்றையே அப்படிச் சொல்கிறேன்.

சுருக்கிய ஒலிக்கோப்பு என்றால் எவை?

வேவ், ஏஐஎஃப்எஃப் ஆகிய கோப்புகள் ஒலியை வினாடிக்கு 44,100 முறை (அல்லது 48,000 முறை) அளந்து, அந்த அளவுகளை அப்படியே வரிசையாக எழுதி வைக்கின்றன. ஒவ்வோர் அளவையும் ‘மாதிரி’ என்கிறோம். இடம், வலம் என இரு தடங்கள், 16 பிட் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 1,411 கிலோபிட் ஆகும். அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட்.

இதைச் சுருக்குவதில் இரண்டு வழிகள் உண்டு. எம்பி3, ஏஏசி, ஓக் வோர்பிஸ், ஓப்பஸ் ஆகியவை காதுக்கு எட்டாது என்று கணித்தவற்றை எறிந்துவிடுகின்றன, எறிந்தது எறிந்ததுதான். ஃபிளாக்கும் ஆப்பிளின் ஏலாக்கும் எதையும் எறியாமல் மடித்து மட்டும் வைக்கின்றன. பிரித்தால் மாதிரிக்கு மாதிரி பழைய ஒலியே கிடைக்கும். கோப்பின் பின்னொட்டை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். எம்4ஏ என்று முடியும் கோப்புக்குள் ஏஏசியும் இருக்கலாம், ஏலாக்கும் இருக்கலாம்.

பாட்டுக் கேட்கும் செயலியில் எம்பி3 நன்றாகத்தானே ஓடுகிறது? இங்கே மட்டும் என்ன சிக்கல்?

பாட்டுக் கேட்கும் செயலிக்கு முதலில் தொடங்கி முடிவில் நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஊடாட்ட மென்பொருளோ எந்தக் கணத்திலும் எந்த மாதிரியையும் கேட்கும். கேட்டவுடன் கையில் இருக்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவின் பூக்கடையில் உதிரிப்பூவும் வாங்கலாம், தொடுத்த சரமும் வாங்கலாம். வேவ் கோப்பு உதிரிப்பூ. கையை விட்டு எந்தப் பூவையும் எடுத்துக்கொள்ளலாம். எம்பி3 தொடுத்த சரம். நடுவிலிருந்து ஒரு பூவை மட்டும் உருவ வராது. அது 1,152 மாதிரிகளை ஒரு சட்டகமாகக் கட்டி வைக்கிறது. பியூர் டேட்டா ஒரு வேளைக்கு 64 மாதிரிகளாக, அதாவது 1.45 மில்லிவினாடி நீளமுள்ள துண்டுகளாகத்தான் ஒலியைக் கணக்கிடுகிறது. அப்படி ஒரு துண்டு வேண்டும் என்றாலும் அதைப்போல் 18 மடங்கு நீளமுள்ள சட்டகம் முழுவதையும் அவிழ்த்தாக வேண்டும். அதோடும் முடிவதில்லை. ஒரு சட்டகத்துக்கான தரவின் ஒரு பகுதி அதற்கு முந்தைய சட்டகங்களில் மிச்சமிருந்த இடத்தில் 511 பைட் வரை பின்தள்ளி வைக்கப்பட்டிருக்கலாம். எனவே நடுவில் குதித்தால், குதித்த இடத்துச் சட்டகம் தனியாக நின்று ஒலிக்கும் என்ற உறுதி இல்லை.

இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான சிக்கல்கள் இந்த ஒரே முடிச்சிலிருந்து வருபவை.

எந்த மென்பொருள் எம்பி3 கோப்பை நேரடியாகத் திறக்கும்?

மேக்ஸின் இன்றைய பதிப்புகளில் பஃபருக்குள், அதாவது ஒலியை நினைவகத்தில் தாங்கி வைக்கும் இடத்துக்குள், எம்பி3 கோப்பை ஏற்றலாம். ஏபிள்டன் லைவ் சுருக்கிய கோப்புகளை ஏற்கும். ஆனால் நீங்கள் இழுத்துப் போட்டவுடன் அது செய்யும் முதல் வேலை, கோப்பைப் பிரித்துச் சுருக்காத தற்காலிகக் கோப்பு ஒன்றை வட்டில் எழுதி, அதை வைத்தே எல்லாவற்றையும் இயக்குவதுதான். பயனர் அமைப்புகளில் இதற்கென்று ஒரு தற்காலிகச் சேமிப்பிடமும் உண்டு. அந்த இடம் நிரம்பிப்போய், வட்டில் இடமில்லை என்று நிகழ்ச்சிக்கு அரைமணி நேரம் முன்பு கணினி முரண்டு பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மில்லர் பக்கெட் 1990-களில் உருவாக்கிய பியூர் டேட்டாவின் அடிப்படைப் பதிப்பு வேவ், ஏஐஎஃப்எஃப் போன்ற சுருக்காத வடிவங்களை மட்டுமே படிக்கும். எம்பி3 வேண்டுமானால் பிறர் எழுதிய கூடுதல் நிரல்களைச் சேர்க்க வேண்டும். அவை எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சூப்பர்கொலைடர் நம்பியிருக்கும் லிப்சண்ட்ஃபைல் என்னும் நூலகம், 2022-இல் வந்த 1.1.0 பதிப்பிலிருந்துதான் எம்பி3-ஐ ஏற்கிறது. ஃபிளாக்கும் வோர்பிஸும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதில் சேர்ந்துவிட்டன. இந்தப் பின்தங்கலுக்குக் காப்புரிமையும் ஒரு காரணம். எம்பி3-க்கான உரிமத் திட்டத்தை ஃபிராவுன்ஹோஃபர் நிறுவனம் 2017-இல்தான் முடித்துக்கொண்டது. அதுவரை கட்டற்ற மென்பொருள் எழுதியோர் பலர் அந்தப் பக்கமே போகவில்லை.

‘திறக்கும்’ என்பதும் ‘மேடையில் நம்பலாம்’ என்பதும் ஒன்றல்ல. எந்த மென்பொருளாக இருந்தாலும் நான் வேவாக மாற்றிய பிறகுதான் உள்ளே ஏற்றுவேன்.

கோப்பு 5 மெகாபைட்கூட இல்லை. ஏற்றியவுடன் நினைவகம் நூறு மெகாபைட் குறைகிறதே?

சுருக்கம் கோப்புக்குத்தான்; நினைவகத்துக்கு இல்லை. ஐந்து நிமிடப் பாடல் ஒன்றை 128 கிலோபிட் எம்பி3 ஆக வைத்தால் 4.8 மெகாபைட். அதை மேக்ஸின் பஃபரில் ஏற்றும்போது ஒவ்வொரு மாதிரியும் 32 பிட், அதாவது 4 பைட் எண்ணாக விரிகிறது. வினாடிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு தடங்கள், 300 வினாடிகள் என்று பெருக்கிப் பாருங்கள்: 105.8 மெகாபைட். வட்டில் இருந்ததைப்போல் 22 மடங்கு. பியூர் டேட்டாவின் 64 பிட் பதிப்பில், ஒலியைத் தாங்கும் அட்டவணையின் ஒவ்வோர் இடமும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் அதே பாடல் 211 மெகாபைட்டைத் தாண்டும்.

ஆகவே, நினைவகம் மிச்சமாகும் என்று எண்ணி எம்பி3-ஐத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. நீளமான பதிவுகளை நினைவகத்தில் ஏற்றாமல், வட்டிலிருந்து படித்தபடியே ஓடவிடும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு: மேக்ஸில் எஸ்எஃப்பிளே, பியூர் டேட்டாவில் ரீட்எஸ்எஃப். தட்டினால் உடனே ஒலிக்க வேண்டிய குறுந்துண்டுகளை நினைவகத்திலும், பின்னணியில் பத்து நிமிடம் ஓடும் இசையை வட்டிலும் வைப்பதுதான் முறை.

தம்பூராச் சுருதியைச் சுழற்சியில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ‘டக்’கென்று ஒரு வெட்டு விழுகிறது. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். நானே அனுபவித்ததும் இதுதான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஜார்ஜ் டவுனில் ஓர் அரங்கேற்றம். பாடுபவருக்குத் துணையாக எட்டு வினாடித் தம்பூராத் துண்டு ஒன்றைச் சுழலவிட்டிருந்தேன். வேவ் கோப்பாகத்தான் வெட்டி வைத்திருந்தேன். மடிக்கணினி மாற்ற வேண்டி வந்த அவசரத்தில், மின்னஞ்சலில் அனுப்ப வசதியாக எம்பி3 ஆக்கி, அந்தக் கோப்பையே மேடைக் கணினியிலும் போட்டுவிட்டேன். மேளமும் சலங்கையும் கலந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. விருத்தம் பாடத் தொடங்கியதும் எட்டு வினாடிக்கு ஒருமுறை சுருதி இமை கொட்டியது. பாடகி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

நடந்தது இதுதான். எட்டு வினாடி என்பது 352,800 மாதிரிகள். 1,152 மாதிரிகள் கொண்ட சட்டகங்களில் இதை அடைத்தால் 306 சட்டகங்கள் முழுதாக நிரம்பும். அடுத்ததில் 288 மாதிரிகள், சரியாகக் கால்வாசி, வந்து உட்காரும். பாதிச் சட்டகம் என்று எம்பி3-இல் ஒன்று கிடையாது என்பதால் மிச்ச இடத்தை வெறுமையால் நிரப்புவார்கள். இது வால்பக்கம். தலைப்பக்கத்திலும் ஒரு வெறுமை உண்டு. சுருக்கும் நிரலும் பிரிக்கும் நிரலும் தத்தம் கணக்குக்காகச் சில மாதிரிகள் பின்தங்குகின்றன. லேம் என்னும் பரவலான நிரலால் சுருக்கினால் 576 மாதிரிகள், பிரிக்கும்போது 529 மாதிரிகள், ஆக 1,105 மாதிரிகள். 44,100 என்ற வேகத்தில் இது 25 மில்லிவினாடி மௌனம். வாலும் தலையும் சேரும் இடத்தில் அந்த மௌனம்தான் வெட்டாகக் கேட்கிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒடாசிட்டி என்னும் ஒலித்திருத்தும் மென்பொருளில் மூல வேவ் கோப்பையும் அதிலிருந்து ஆக்கிய எம்பி3 கோப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்து, முதல் அலை எழும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்வரியில் விளிம்பிலேயே தந்தியின் அலை எழுந்திருக்கும். கீழ்வரியில் அதற்கு முன்பு நூல் பிடித்ததுபோல் ஒரு நேர்கோடு தெரியலாம். தெரியலாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: லேம் எவ்வளவு வெறுமை சேர்த்தது என்பதைக் கோப்பின் தலைப்பில் குறித்து வைக்கிறது, அந்தக் குறிப்பைப் படிக்கும் மென்பொருள் வெறுமையை நறுக்கிவிடும், படிக்காதது அப்படியே ஒலிக்கவிடும். வீட்டுக் கணினியில் சரியாக ஓடிய சுழற்சி அரங்கத்துக் கணினியில் வெட்டுவதன் மர்மம் பெரும்பாலும் இதுவே. ஏஏசியிலும் இதே கதைதான். ஆப்பிள் நிரல் முன்னால் சேர்ப்பது 2,112 மாதிரிகள், ஏறத்தாழ 48 மில்லிவினாடி. ஓக் வோர்பிஸ் மட்டும் மொத்தம் எத்தனை மாதிரிகள் என்பதைத் தன் அமைப்பிலேயே குறித்துக்கொள்வதால் சுழற்சிக்கு ஓரளவு ஒத்துவரும். விளையாட்டு மென்பொருள் எழுதுவோர் அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுழற்சிக்கு வேவ் அல்லது ஃபிளாக். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

கையில் எம்பி3 தம்பூரா மட்டுமே இருந்தால் என்ன செய்வது?

வேவாக மாற்றி, தலையிலும் வாலிலும் உள்ள மௌனத்தை நறுக்கி, இரண்டு முனைகளையும் அரை வினாடி அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று கரைத்துச் சேர்த்துப் புதிய சுழற்சித் துண்டு ஆக்குங்கள். தம்பூரா போன்ற நீடித்த ஒலிக்கு இது போதும். தாளக் கருவிக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

காலடிக் கருவியைத் தட்டியதும் ஜதி தாமதமாக ஒலிக்கிறது. கருவியில் பழுதா?

பழுதாக இருக்கலாம், ஆனால் முதலில் கோப்பைச் சோதியுங்கள். மேலே சொன்ன 25 மில்லிவினாடி மௌனம் இங்கேயும் முன்னால் நிற்கும். நிமிடத்துக்கு 120 அடி என்ற காலப்பிரமாணத்தில் ஓர் அடி அரை வினாடி. சதுசிர நடையில் அதன் கால்பங்கு 125 மில்லிவினாடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தினால் கேட்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஆடுபவரின் கால் உடனே உணர்ந்துவிடும். ஒலிப்பலகையின் தாமதமும் காலடிக் கருவியின் தாமதமும் இதற்கு மேல் தனியே சேரும்.

நீண்ட பதிவின் நடுவிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தால் வேறொரு சிக்கல். பிட்வீதம் (ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் பிட்டுகளின் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 கோப்பில், எத்தனையாவது வினாடி கோப்பில் எங்கே கிடக்கிறது என்பதைக் கணக்கிட வழியில்லை. அதற்காகத் தலைப்பில் ஓர் அட்டவணை வைப்பார்கள். அதில் மொத்தம் 100 பதிவுகள்தாம். ஒரு மணி நேரப் பதிவு என்றால் 36 வினாடிக்கு ஓர் அடையாளம். இடையில் உள்ள இடங்களை மென்பொருள் ஊகிக்கும்; ஊகம் சில வினாடிகள் தவறினாலும் வியப்பதற்கில்லை. மூன்றாவது ஜதியில் தொடங்க வேண்டிய ஆட்டம் இரண்டாவது ஜதியின் அறுதியில் தொடங்குவது இப்படித்தான். ஒரு பதிவின் பல இடங்களுக்குத் தாவ வேண்டியிருந்தால் அதை வேவாக மாற்றித் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள்.

உறுமி மேளத்தின் அடி மழுங்கிக் கேட்கிறது. பதிவு செய்தபோது அப்படி இல்லையே?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் பதிவு செய்த உறுமி மேளத்தை மேடையில் பயன்படுத்த விரும்புவோர் பலர். இழப்புள்ள சுருக்கத்துக்குத் தரக்கூடிய மிகக் கடினமான தேர்வுகளில் அதுவும் ஒன்று.

எம்பி3 ஒலியை அப்படியே வைப்பதில்லை. 1,152 மாதிரி அகலமுள்ள ஒரு சாளரத்தின் வழியே பார்த்து, அதில் எந்தெந்தச் சுருதி எவ்வளவு என்று எழுதி வைக்கிறது. அப்படி எழுதும்போது தோராயமாக்குவதால் வரும் இரைச்சல் அந்தச் சாளரம் முழுவதும் சமமாகப் பரவுகிறது. சாளரத்தின் கடைசியில் ஓர் அடி விழுந்தால், அடிக்கு முன்னிருந்த அமைதியிலும் அந்த இரைச்சல் கசியும். ஓர் அடிக்குப் பின்னால் வரும் மெல்லிய ஒலிகளைக் காது நெடுநேரம் கவனிக்காது. முன்னால் வருபவற்றையோ ஒருசில மில்லிவினாடிகளுக்கு மேல் மறைத்துக் கொடுக்காது. எனவே ‘டண்’ என்று விழ வேண்டிய அடி, ‘ஷ்டண்’ என்று ஒரு மூச்சோடு விழுகிறது. திடீர் அடி வந்தால் குறுகிய சாளரத்துக்கு மாறிக்கொள்ளும் வசதி எம்பி3-இல் உண்டு. ஆனால் உறுமியில் வலப்பக்கம் அடி விழும் அதே நேரத்தில் இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சி தேய்த்து முனகிக்கொண்டிருக்கிறது. முனகலுக்கு நீண்ட சாளரம் நல்லது, அடிக்குக் குறுகியது நல்லது; நிரல் எதைத் தேர்ந்தாலும் மற்றது கெடும். தவில், மிருதங்கம், நட்டுவனாரின் தாளம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

முழுப் பாடலில் கலந்து ஓடும்போது இதைப் பலர் கவனிக்க மாட்டார்கள். தனி அடியாக வெட்டி விரலுக்கு ஒன்றாகத் தட்டும்போதுதான் அம்பலமாகும்.

எம்பி3 கோப்பை மெதுவாக்கினாலும், பாடகர் குரலை நீக்கினாலும் ஒலி கெடுவது ஏன்?

சுருக்கும் நிரல் எதையெல்லாம் எறியலாம் என்று முடிவு செய்தது, பாட்டை அதே வேகத்தில், அதே சுருதியில், அதே கலவையில் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான். ஊடாட்ட மென்பொருளில் நாம் செய்வதெல்லாம் அந்த நம்பிக்கையை முறிக்கும் வேலை.

128 கிலோபிட் எம்பி3-இல் பெரும்பாலும் 16 அல்லது 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. இயல்பான வேகத்தில் அது பெரிய குறை அன்று. வேகத்தைப் பாதியாக்கினால் அந்த எல்லையும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். சலங்கை ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். சுருதியை மாற்றாமல் நீட்டினால் வேறு தொல்லை: ஒளிந்திருந்த இரைச்சலும் சேர்ந்து நீண்டு, தண்ணீருக்குள் தகரம் உரசுவது போன்ற சலசலப்பாக வெளிப்படும்.

குரலை நீக்குவது கரோக்கே விரும்பிகளின் நிரந்தர ஆசை. இடத் தடத்திலிருந்து வலத் தடத்தைக் கழித்தால் நடுவில் நிற்கும் குரல் மறையும் என்பது பழைய உத்தி. குரல்தான் சுருக்கத்தின் இரைச்சலை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழித்தவுடன் இரைச்சல் மேடைக்கு வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, இரு தடங்களின் வேறுபாட்டுப் பகுதிக்குக் குறைவான பிட்டுகளை ஒதுக்கும் வழக்கமும் எம்பி3-இல் உண்டு. கழித்தபின் நம் கையில் மிஞ்சுவது அந்த ஏழைப் பகுதிதான்.

எம்பி3-ஐ வேவாக மாற்றினால் தரம் திரும்ப வருமா?

வராது. பிழிந்த கரும்பைத் தண்ணீரில் ஊறவைத்தால் சாறு திரும்புமா? ஆனாலும் மாற்றுங்கள். போன தரத்துக்காக அன்று. மென்பொருள் உதிரிப்பூவாக எடுத்து ஆள்வதற்காகவும், அடுத்த முறை திருத்திச் சேமிக்கும்போது இரண்டாம் முறையாகப் பிழியப்படாமல் இருப்பதற்காகவும். எம்பி3-ஐத் திறந்து, திருத்தி, மறுபடி எம்பி3 ஆகச் சேமித்தால் ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு கூடிக்கொண்டே போகும்.

பாடல் வேகமாக ஓடுகிறது, சுருதியும் ஏறிவிட்டது. சுருக்கம் காரணமா?

இல்லை, மாதிரி வேகம், அதாவது வினாடிக்கு எத்தனை மாதிரிகள் என்பது, காரணம். 44,100-இல் பதிந்த கோப்பை 48,000-இல் இயங்கும் அமைப்பில் மாற்றமின்றிப் படித்தால் 8.8 விழுக்காடு வேகம் கூடும். ஐந்து நிமிடப் பாடல் 4 நிமிடம் 36 வினாடியில் முடிந்துவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே, யாரும் வாசிக்க முடியாத ஓரிடத்தில் போய் நிற்பார். பியூர் டேட்டாவின் ரீட்எஸ்எஃப் வேகத்தைத் தானாகச் சரிசெய்வதில்லை. ஓப்பஸ் கோப்புகளைப் பிரித்தால் பெரும்பாலும் 48,000-இல் வரும் என்பதால், மற்றவற்றோடு கலக்கும்போது இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. நிகழ்ச்சிக்கு ஒரே வேகத்தை முடிவு செய்து எல்லாக் கோப்புகளையும் அதற்கு மாற்றிவிடுங்கள்.

புலனத்தில் அனுப்பிய பதிவை மேடையில் பயன்படுத்தலாமா?

எப்படி அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தது. ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பும் குரல்செய்தி, பேச்சுக்காகக் கடுமையாகச் சுருக்கிய ஓப்பஸ் கோப்பு. கதை சொல்லும் குரலுக்குச் சமாளிக்கலாம், நாதஸ்வரத்துக்கு ஆகாது. வேவ் அல்லது ஃபிளாக் கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே வந்து சேரும். குழுவினரிடம் நான் எப்போதும் சொல்வது: ‘பதிவை ஆவணமாக அனுப்புங்கள், பேசிக் காட்டாதீர்கள்.’ ஆறு பேரில் நால்வர் இன்னும் பேசித்தான் காட்டுகிறார்கள்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இசை விளையாட்டு ஒன்று செய்கிறோம். அதில் எந்த வடிவம்?

இங்கே நிலைமை வேறு. பதிவிறக்க அளவு முக்கியம். மாணவர்கள் கையில் இருப்பவை எளிய திறன்பேசிகள். யூனிட்டியில் ஒவ்வோர் ஒலிக்கும் மூன்று தேர்வுகள் உள்ளன: ஏற்றும்போதே முழுதாகப் பிரிப்பது, சுருக்கிய நிலையிலேயே நினைவகத்தில் வைத்து ஒலிக்கும்போது பிரிப்பது, வட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பது. வோர்பிஸ் கோப்பை முதல் முறையில் வைத்தால், சுருக்கிய நிலையைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு நினைவகம் பிடிக்கும். சரிகமபதநி என்று தட்டும் குறுஞ்சுரங்களுக்கு முதல் முறையும், பின்னணி இசைக்கு மூன்றாவது முறையும் பொருந்தும். அடிக்கடி ஒரே நேரத்தில் பல ஒலிக்கும் காலடி, கைத்தட்டல் போன்றவற்றுக்கு ஏடிபிசிஎம் என்ற வடிவம் உண்டு, அது 3.5 மடங்குதான் சுருக்கும், ஆனால் பிரிப்பதற்குச் செயலிக்கு அதிக வேலை வைக்காது.

உலாவியில் ஓடும் விளையாட்டு என்றால் கோப்பு எம்பி3 ஆக வந்தாலும் உலாவி அதை முழுதாகப் பிரித்து, 32 பிட் எண்களாக விரித்து, தன் மாதிரி வேகத்துக்கு மாற்றித்தான் நிரலிடம் கொடுக்கும். அதனால் பத்து நிமிடப் பாடலை இந்த வழியில் கொடுத்துவிடாதீர்கள், திறன்பேசி திணறும்.

பிட்வீதம் எவ்வளவு இருந்தால் போதும்?

மாற்றமின்றி முழுதாக ஓடவிடும் இசைக்கு 256 கிலோபிட் ஏஏசியோ 320 கிலோபிட் எம்பி3-யோ தாராளம். அரங்கத்தின் ஒலிபெருக்கியில் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பவர் அரிது. இடைவேளை இசை, ஒத்திகைக்கான பாடல், தொடக்கம் முதல் முடிவுவரை ஓடும் பின்னணி ஆகியவற்றுக்கு எம்பி3 வந்தால் நான் திருப்பி அனுப்புவதில்லை. வெட்டவோ நீட்டவோ சுழற்றவோ போகிறீர்கள் என்றால் பிட்வீதம் எவ்வளவு என்ற கேள்வியே பொருந்தாது. 320 கிலோபிட்டிலும் முன்மௌனம் அதே 25 மில்லிவினாடிதான்.

இன்னொன்று: மூலப் பதிவின் உச்சத்தை எல்லைவரை ஏற்றிவிட்டுச் சுருக்காதீர்கள். பிரிக்கும்போது அலையின் வடிவம் சற்று மாறுவதால் சில உச்சங்கள் எல்லையைத் தாண்டிக் கரகரக்கும். ஒரு டெசிபெல்லாவது கீழே விட்டுச் சுருக்குங்கள்.

கணினியிலிருந்து புளூடூத் ஒலிபெருக்கிக்கு அனுப்பலாமா?

ஒத்திகையிலும் வேண்டாம். புளூடூத் ஒலியை மறுபடி சுருக்கி அனுப்புகிறது; தாமதமும் பெரும்பாலும் நூறு மில்லிவினாடியைத் தாண்டும். ஆடுபவர் அந்தத் தாமதத்துக்குப் பழகிவிட்டால், மேடையில் கம்பிவழி ஒலி வரும்போது முன்கூட்டியே அடி வைப்பார். கம்பி வாங்கப் பத்து இருபது ரிங்கிட்தான் ஆகும்.

தாத்தா காலத்து ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றி, பிறகு மேடையில் பயன்படுத்த எண்ணுகிறோம். எதில் சேமிப்பது?

24 பிட் வேவாகப் பதிந்து, ஃபிளாக்காக மடித்து வையுங்கள். நல்ல பதிவுகள் ஃபிளாக்கில் ஏறத்தாழப் பாதி அளவுக்குக் குறையலாம். ஒலிநாடாவோ அவ்வளவு குறையாது, ஏனெனில் அதன் ‘உஸ்’ என்ற இரைச்சலில் முன்கூட்டிக் கணிக்கத்தக்க ஒழுங்கு எதுவும் இல்லை. அதே இரைச்சல் எம்பி3-க்கும் பகை: குறைந்த பிட்வீதத்தில் அது தன் பிட்டுகளை இரைச்சலுக்கே செலவழித்துவிட்டு, பாடியவரின் குரலுக்குக் கஞ்சத்தனம் காட்டும். இரைச்சலை நீக்க வேண்டுமானால் ஃபிளாக்கிலிருந்து பிரித்தெடுத்த வேவில் செய்யுங்கள்; நீக்குவதற்கு முந்தைய பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள். இரைச்சல் நீக்கும் நிரல்கள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன; அந்த ஒலிநாடாவோ நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்து, இன்னொரு முறை ஓட மறுக்கலாம்.